விழப்போகிற பல்தானே என்கிறார்கள்!

குழந்தையின் பால்பல் சொத்தையானால் நம் ஜனங்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "விழப்போகிற பல்தானே!" ஆனால் கடைவாய்ப் பால்பல் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்கவேண்டிய பல். நாலு வயதில் அது குழிவிழுந்தால் மீதி வருஷங்களுக்குக் குழந்தை எதைக் கொண்டு மெல்லும்? ராத்திரி முழுதும் குழந்தை அழுதால் தாய்க்கும் தூக்கமில்லை, மறுநாள் அவள் கூலியும் போயிற்று. சீழ் வைத்தால் அடியில் வளரும் நிலைப்பல்லும் கெடலாம். உலகத்தில் 51 கோடிக் குழந்தைகளுக்குப் பால்பல் சொத்தை என்று உலக சுகாதார ஸ்தாபனமே 2022-ல் கணக்குச் சொன்னது.

கொடைக்கானல் மலையில், வட்டக்கானலுக்குக் கீழே செங்குத்தாக இறங்கினால் வெள்ளகவி. மோட்டார் ரோடு இல்லாமலே பல தலைமுறைகள் கழிந்த ஊர். நோயாளியை டோலி கட்டித் தூக்கி மலையேறிய ஊர். ஊருக்குள் செருப்பணியாத வழக்கத்தைப் பற்றி உல்லாசப் பிரயாணிகள் வியந்து பேசுகிறார்கள். அந்த ஊர்க் குழந்தைகளின் பல்லைப் பற்றிப் பேசுவோர் யார்? மிட்டாயும் பிஸ்கட்டும் ரோட்டுக்காகக் காத்திருக்கவில்லை. காப்பியும் பழமும் ஏற்றிப்போன குதிரைகளே திரும்பும்போது கடைச்சாமானைச் சுமந்து வந்தன. வைத்தியத்துக்கு மட்டும் ரோடு வேண்டுமாம்!

ரோடு வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் இந்த வைத்தியத்துக்கு அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சில்வர் டயமின் புளோரைடு என்று ஒரு மருந்து உண்டு. சட்டைப்பையில் அடங்கும் சின்னப் புட்டி. பல்லைத் துடைத்து உலர்த்தி, சிறு தூரிகையால் ஒரு நிமிஷம் தடவினால் போதும். ஊசி இல்லை, குடைகிற மெஷின் இல்லை, மின்சாரமும் வேண்டாம். அதிலுள்ள வெள்ளி கிருமியைக் கொல்லும். புளோரைடு, இளகிய பல்லை மறுபடி இறுக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை தடவினால் நூற்றில் எண்பது சொத்தைகள் அளவுக்கு அப்படியே நின்றுவிடுகின்றன என்று ஆராய்ச்சிகள் கூறுகின்றன. சொத்தைப் பகுதி கறுத்துப்போகும். இதைத் தாயாரிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சீழ் வைத்த பல்லுக்கு இது உதவாது, அதற்கு டாக்டர்தான் வேண்டும்.

இது நேற்று வந்த மருந்தல்ல. ஜப்பானில் 1970 வாக்கிலேயே புழக்கத்துக்கு வந்தது. ஹாங்காங்கில் பாலர் பள்ளிகளுக்கே போய்த் தடவுகிறார்கள். 2021-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

"புளோரைடு விஷமாயிற்றே, தர்மபுரியைப் பாருங்கள்" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு மிஞ்சிப்போய், அதை வருஷக்கணக்கில் குடித்தவர்களின் பல்லும் எலும்பும் கெட்டன. அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அங்கே தண்ணீரில் குடம் குடமாகக் குடித்தது வேறு, இங்கே பல்லில் ஒரு சொட்டுத் தடவுவது வேறு.

பற்பசை விஷயத்தையும் சொல்லிவிடுவோம். புளோரைடு கலந்த பசையை மூன்று வயதுக்குள் அரிசியளவு, அதற்கு மேல் பட்டாணியளவு வைத்துத் தேய்த்தால் சொத்தை பெரிதும் குறையும். அந்தப் பசைக்கு 2017 முதல் 2025 செப்டம்பர் வரை 18 சதம் வரி வாங்கினார்கள். கரியும் செங்கல்பொடியும் ஏழையின் விருப்பமா என்ன?

2013-ல் துவங்கிய தேசியச் சிறுவர் சுகாதாரத் திட்டத்தின்படி, வைத்தியக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் போகவேண்டும். பல் சொத்தையும் அது பார்க்கவேண்டிய வியாதிகளில் ஒன்று. மருந்து தடவுவதும் வருஷத்துக்கு இரண்டு முறைதான்! சொத்தையைக் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிற கையிலேயே அந்தப் புட்டியையும் கொடுத்தால் என்ன? பல் வைத்தியச் சட்டம் குறுக்கே நிற்குமானால், பல் டாக்டரின் மேற்பார்வையில் கிராம நர்ஸ் தடவலாம் என்று சர்க்கார் விதியைத் திருத்தட்டும்.

மே தினத்தன்று கிராம சபை கூடுகிறது. வெள்ளகவியானாலும் மில் தொழிலாளர் குடியிருக்கும் ஊரானாலும், தாய்மார்கள் முன்னால் உட்கார்ந்து கேட்கட்டும்: நம் அங்கன்வாடிக்குக் குழு எந்தத் தேதியில் வந்தது, எத்தனை குழந்தைக்குச் சொத்தை, எத்தனை குழந்தைக்கு மருந்து? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, பிரதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.