கரும்பலகைக்கு வர வேண்டிய எண்

கும்மிடிப்பூண்டி அந்தோணி பிள்ளை நகரில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்காணிப்பு நிலையம் ஒன்று காற்றைத் தொடர்ந்து அளக்கிறது. அதன் அளவீடுகளை மத்திய வாரியத்தின் இணையதளத்தில் எவரும் காணலாம். அதில் வரும் அன்றைய காற்றுத் தரக் குறியீட்டு எண், ஊரின் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் காலை இறைவணக்கக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டுக் கரும்பலகையில் எழுதப்பட வேண்டும். சிறுவர்களுக்கான காற்று மாசுப் பாடம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்குமாறு எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டே பணித்தது. ஆனால், மரம் நடு, குப்பையை எரிக்காதே, பட்டாசைக் குறை என்று பிள்ளையின் கடமைகளை மட்டும் அடுக்கும் பாடம், இரும்பு உருக்காலைகளும் பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலைகளும் இயங்கும் இவ்வூரின் சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியில் நடத்தப்படும்போது, மாசுக்குக் காரணம் அந்தப் பிள்ளையே என்ற பொய்யான பொருளைத் தந்துவிடுகிறது.

உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடச் சிறுவர்களே அதிகக் காற்றை உள்ளிழுக்கிறார்கள். அவர்களுடைய நுரையீரலோ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. நுண்துகள் எனப்படுவது தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கான 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவும் விட்டமுள்ள துகள். அது மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம்வரை சென்று இரத்தத்திலும் கலக்கக்கூடியது. ஒரு கன மீட்டர் காற்றில் அதன் 24 மணி நேரச் சராசரி 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த வரம்பு 15தான்.

2015 முதல் நடைமுறையில் உள்ள தேசியக் காற்றுத் தரக் குறியீடு, எட்டு மாசுகளில் மிக மோசமானதன் குறியீட்டெண்ணையே அன்றைய எண்ணாகக் கொண்டு, அதைப் பச்சை முதல் கருஞ்சிவப்பு வரை ஆறு நிறங்களில் காட்டுகிறது. தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் பேசும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் எழுத்துகளைக் கற்கும் முன்பே அந்த நிறங்களைப் படித்துவிடுவார்கள். இதில் ஒரு குறையையும் ஆசிரியர் சொல்லித்தர வேண்டும். எட்டில் ஒன்றான ஈயத்தை நிகழ்நேரக் கருவிகள் அளப்பதில்லை. துகள்களை வடிதாளில் சேகரித்து ஆய்வகத்தில் பகுப்பாய்வு செய்ய வேண்டும். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லாததால், பச்சை நிறத்தை மட்டும் நம்பி இந்த ஊர் நிம்மதி கொள்ள முடியாது.

பிஞ்சு மனங்களை அச்சுறுத்தலாமா என்பார்கள். திருவொற்றியூரில் 2024 அக்டோபரில் பள்ளியொன்றில் பரவிய வாயு நெடியால் மாணவிகள் மயங்கி விழுந்தனர். அச்சம் பாடத்திலிருந்து வரவில்லை. தந்தைக்குச் சோறு போடும் ஆலையைப் பிள்ளையிடம் பழிக்கலாமா என்பதே கனமான கேள்வி. அந்த ஆலையின் புகையை முதலில் சுவாசிப்பவர் உலையருகே நிற்கும் அதே தந்தைதான். உலைக்கு மேலே புகையை உறிஞ்சும் மூடியும், துகள்களைப் பிடிக்கும் பை வடிகட்டியும் பழுதின்றி ஓடினால் வேலையும் நிற்காது, காற்றும் கெடாது என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு துணிப்பையையும் சாம்பலையும் கொண்டே விளக்கிவிடலாம்.

குறியீடு 200ஐத் தாண்டி ஆரஞ்சு நிறத்துக்கு மாறும் நாளில் விளையாட்டு வகுப்பை உள்ளே நடத்தும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு வேண்டும். அன்றே அவர் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குக் காரணம் கேட்டு எழுத வேண்டும். வரும் பதில், எண் எழுதப்பட்ட அதே கரும்பலகையில் பிள்ளைகள் படிக்கும்படி எழுதப்பட வேண்டும்.