செர்வ்ஃபெயில்னு ஒத்த வார்த்தையில முடிச்சுட்டா எப்படி?

2021 செப்டம்பர் 30-ம் தேதி பலருக்கு ஸ்லாக் திறக்கலை. நாலு நாள் கழிச்சு, அக்டோபர் 4, ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மொத்தமா காணாம போச்சு. ரெண்டு தடவையும் டிஎன்எஸ் ரிசால்வர் நமக்குச் சொன்ன பதில் ஒண்ணேதான்: செர்வ்ஃபெயில். அதாவது, "முடியலை, போ."

நடந்தது ரெண்டும் ஒண்ணா என்ன? ஃபேஸ்புக் தன்னோட நேம் சர்வர்களுக்கு வர்ற பாதையையே இணையத்துலேருந்து எடுத்துடுச்சு. அவங்க ஆளுங்களைத் தவிர வேற யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஸ்லாக் சர்வர்களோ நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. டிஎன்எஸ்செக் கையெழுத்தை எடுத்துட்டாங்க. ஆனா "இந்த டொமைனுக்குக் கையெழுத்து உண்டு"ன்னு சொல்ற டிஎஸ் ரெக்கார்டு 24 மணி நேரம் வரைக்கும் ரிசால்வர்களோட கேஷ்ல உட்கார்ந்திருந்துச்சு. கேஷைக் காலி பண்ணினா போதும். ஐஎஸ்பி-க்கு ஒரு ஃபோன் போட்டா தீர்ற விஷயம் (எடுத்தாங்கன்னா :-)). ஆனா எதுக்கு ஃபோன் போடணும்னு தெரிஞ்சாத்தானே?

இதைச் சொல்ல வழியே இல்லைன்னா விட்டுடலாம். 2020 அக்டோபர்லயே ஆர்எஃப்சி 8914 வந்தாச்சு. பதிலோட கூடவே காரணத்துக்கு ஒரு நம்பர், விருப்பப்பட்டா ரெண்டு வரி விளக்கம். 22-ன்னா மூல சர்வரை எட்ட முடியலை. 6-ன்னா கையெழுத்துச் சோதனையில தோல்வி. 7-ன்னா கையெழுத்து காலாவதி. அருமையான ஏற்பாடு.

கோட்டை விட்டது நடுவுல. உங்க ஃபோன் வீட்டு ரவுட்டரைக் கேட்குது, ரவுட்டர் ஐஎஸ்பி-யைக் கேட்குது. மேலேருந்து வர்ற காரணத்தை ரவுட்டர் கீழே தரணுமா? "அது மென்பொருள் எழுதறவர் இஷ்டம்"னு அதே ஆர்எஃப்சி கையை விரிச்சுடுது. இஷ்டம்னு விட்டா நம்மாளுங்க எதைச் செய்வாங்கன்னு தெரியாதா?

"இந்தக் குறியீட்டை நடுவுல எவனாவது போலியா போடலாமே"ன்னு கேட்பாங்க. போடலாம்தான். ஆனா சாதா யூடிபி-ல வர்ற செர்வ்ஃபெயிலையே போலியா அனுப்பலாமே, அதை மட்டும் எப்படி நம்பறீங்க? குறியீட்டை வெச்சு முடிவெடுக்கச் சொல்லலை, பார்க்கக் கொடுங்கன்னுதான் சொல்றேன். யார் சொன்னதுங்கற குழப்பமா? மேலேருந்து வந்ததைத் தந்தா மூலம் யாருன்னு விளக்க வரியில எழுதச் சொல்லி ஆர்எஃப்சி-யே சொல்லுதே.

இதுல இன்னொண்ணு இருக்கு, எனக்கு அதுதான் முக்கியம். 15-ன்னா ரிசால்வர் நடத்தறவரே தடுத்தது. 16-ன்னா வெளியார் கட்டாயத்தால தடுத்தது, பச்சையா சொன்னா தணிக்கை. 17-ன்னா நீங்களே கேட்டு வாங்கின வடிகட்டி. இந்த நம்பரை ரவுட்டர் முழுங்கிட்டா, தணிக்கை பண்ணின தளமும் படுத்துப்போன தளமும் உங்களுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். தடுத்தவனுக்கு இதைவிட வசதி வேற என்ன வேணும்?

ரிசால்வர் மென்பொருள்காரங்களும் சளைச்சவங்க இல்லை. அன்பவுண்டில் 2022-ல இந்த வசதி வந்தப்போ, ஆன் பண்ணினாத்தான் வேலை செய்யும்னு வெச்சாங்க.

உங்க வீட்ல சோதிச்சுப் பாருங்க. ரவுட்டர்ல மேல் சர்வரா 1.1.1.1 போடுங்க. கையெழுத்தை வேணும்னே உடைச்சு வெச்சிருக்கிற சோதனை டொமைன் ஒண்ணை, புது டிக் கமாண்டால நேரா 1.1.1.1-கிட்ட ஒரு தடவை, ரவுட்டர்கிட்ட ஒரு தடவை கேளுங்க. முதல்ல வந்த ஈடிஇ வரி ரெண்டாவதுல காணலைன்னா, ரவுட்டர் கம்பெனிக்கு ரெண்டு அவுட்புட்டையும் ஒட்டி ஒரு மெயில் தட்டுங்க.