மருமகள் ஓட்டும் ஜீப்

எதிர் வீட்டு மாமி சென்ற வாரம் கைபேசியும் கையுமாக வந்து சேர்ந்தார். "இந்தப் படத்தைக் கொஞ்சம் பாரேன்" என்று நீட்டினார்.

பார்த்தேன். ஆளுயரப் பாறை ஒன்று. அதன் மேல் ஒரு ஜீப். இடப் பக்கத்துச் சக்கரங்கள் பாறை உச்சியில். வலப் பக்கத்துச் சக்கரங்கள் பள்ளத்தில். எந்த நிமிஷமும் குட்டிக்கரணம் போட்டுவிடும் போல் சாய்ந்து நிற்கிறது. ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பது, கலிபோர்னியாவில் வாசம் செய்யும் மாமியின் மருமகள். மாமியின் புத்திர சிகாமணியோ, எதிரே தரையில் நின்று கொண்டு, சரணாகதி செய்கிறவன் மாதிரி இரண்டு கைகளையும் தூக்கிக் கொண்டிருக்கிறான்!

"இதற்குப் பணம் வேறு கட்டிப் போகிறார்களாம். மூன்று நாள் மலையிலே இதே கூத்து. வருகிற கோடையிலே மறுபடியும் போகப் போகிறார்களாம். போகாதே என்று சொல்லட்டுமா, வேண்டாமா? நீ பத்திரிகையிலே எழுதுகிறாய், உனக்குத் தெரியாததா?" என்றார் மாமி.

பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் நாட்டில் குறைந்து வருகிறார்கள். இருக்கிற ஒருவரையும் இழக்க மனம் வரவில்லை. "ஒரு வாரம் தவணை கொடுங்கள்" என்றேன். மாமி வாசற்படி வரை போய்த் திரும்பி நின்று, "அது கிடக்கட்டும், அந்த மலையிலே கக்கூஸுக்கு எங்கே போவார்களாம்?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். சிரித்தது பிசகு என்று படித்துப் பார்த்த பிறகு தெரிந்தது.

படத்தில் இருக்கும் இடத்துக்கு ரூபிகான் பாதை என்று பெயர். கலிபோர்னியாவில், ஸியெரா நெவாடா மலைத் தொடரின் மேல், ஜார்ஜ்டவுன் என்ற சிற்றூரின் பக்கத்திலிருந்து டாஹோ என்ற பெரிய ஏரியை நோக்கிப் போகிறது. மொத்தம் 22 மைல். நம் ஊர் பஸ் ஒரு மணி நேரத்தில் ஓடிவிடுகிற தூரந்தான். ஆனால் இதைக் கடக்க இரண்டு நாளும் ஆகும், மூன்று நாளும் ஆகும். பாதை என்று பேரே தவிர, பல இடங்களில் வெறும் கருங்கல் பாறையும் உருண்டு கிடக்கும் குண்டுக் கற்களுமே உண்டு. கூட நடந்து வருகிறவர் ஜீப்பை முந்திக் கொண்டு போய், நிழலில் உட்கார்ந்து காத்திருக்கலாம்.

பூர்வகுடிகள் நடந்து நடந்து உண்டான தடம் அது. 1887-ல் எல்டொரேடோ ஜில்லா நிர்வாகம் அதைப் பொதுச் சாலை என்று அறிவித்தது. நடுவழியில் ரூபிகான் ஊற்று என்று ஓர் இடம். அங்கே ஊறும் தாது நீரைப் புட்டிகளில் அடைத்து விற்று வந்தார்கள். 1886-ல் அந்த இடத்தை விலைக்கு வாங்கியவர் யார் தெரியுமா? ஸியெரா பிலிப்ஸ் கிளார்க் என்ற பெண்மணி! அந்தக் காட்டுக்குள் அவர் 16 அறைகள் கொண்ட ஓட்டல் ஒன்றைக் கட்டினார். கண்ணாடி ஜன்னல்களுக்குத் திரைச்சீலை. கூடத்தில் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன். சாப்பாட்டு மேஜைக்கு வெள்ளை விரிப்பு. அத்தனை சாமானையும் அந்த வழியில் எப்படிக் கொண்டு சேர்த்தாரோ, எத்தனை கண்ணாடி நடுவில் உடைந்ததோ! இன்று புது ஜீப்பில் போய் வந்து மீசையை முறுக்கும் ஆண்பிள்ளைகள் அந்த அம்மாளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஓட்டல் பிற்காலத்தில் இல்லாமல் போயிற்று. ஜார்ஜ்டவுனிலும் வியாபாரம் மந்தம். ஊருக்கு நாலு பேரை வரவழைக்க என்ன வழி என்று மார்க் ஸ்மித் என்பவரும் அவருடைய நண்பர்களும் யோசித்தார்கள். 1953 ஆகஸ்டில் 55 ஜீப்புகளில் 155 பேரைத் திரட்டி, வழிகாட்டிகளோடு இந்தப் பாதையில் அழைத்துச் சென்றார்கள். அது முதல் வருஷா வருஷம் நடக்கிற உற்சவமாகிவிட்டது. பாட்டி, பேத்தி, நாய்க்குட்டி சகிதம் வருகிற குடும்பங்கள் உண்டு. இந்த ஸ்மித், பின்னர் 1978-79-ல் தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து அலாஸ்காவின் வட கோடி வரை ஜீப்புகளை நடத்திச் சென்றவர், 2014-ல் காலமானார்.

சரி, மாமியின் கவலைக்கு வருவோம்.

பாறை மேல் ஜீப் ஏறுவதற்கு முக்கியமாக வேண்டியது வேகம் குறைவதுதான். முதல் காரியமாக டயர்களில் காற்றை இறக்கிவிடுகிறார்கள். 35 பவுண்டு இருந்த காற்றை 15-க்குப் பக்கத்தில் கொண்டு வந்தால் டயர் மெத்தென்று அகன்று, பாறையை உள்ளங்கை போல் கவ்விக் கொள்கிறது. அடுத்தது கியர். இந்த வண்டிகளில் வழக்கமான கியர் பெட்டியோடு இன்னொன்றும் இருக்கிறது. அதைப் போட்டால் நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும், வேகம் குறையும், குறைந்த மடங்குக்குத் தகுந்தபடி இழுக்கும் பலம் கூடும். ஜீப் கம்பெனி 2003-ஆம் வருஷத்து மாடல் ஒன்றுக்கு இந்தப் பாதையின் பெயரையே சூட்டியது. அதில் அந்த இரண்டாவது பெட்டி வேகத்தை நாலில் ஒன்றாக்கிவிடும். வண்டி எறும்பு போல் ஊர்ந்துதான் ஏறுகிறது.

மூன்றாவதுதான் முக்கியம். பாறை மேல் வண்டி மூக்கைத் தூக்கி நிற்கும்போது ஓட்டுகிறவருக்குத் தெரிவது ஆகாயம் மாத்திரமே. சக்கரம் எந்தக் கல்லில் நிற்கிறது, இன்னும் நாலு அங்குலம் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் தெரியாது. ஆகவே, ஒருவர் இறங்கி எதிரே நின்று, 'இடப்புறம் ஒடி, மெதுவாக வா, நில்' என்று கை ஜாடையால் சொல்லிக் கொண்டே வருகிறார். படத்தில் மாமியின் பிள்ளை செய்து கொண்டிருந்தது இதுதான். சரணாகதி இல்லை, 'நில்' என்கிறான்! இதில் ஒரு சட்டம் உண்டு. ஜாடை காட்டுவது ஒரே ஒருவர். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. மாடிப்படியில் பீரோ ஏற்றும்போது வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஆளுக்கொரு யோசனை சொல்லி, கடைசியில் சுவரைப் பெயர்த்துக் கொள்கிறோமே, அந்த அனுபவம் அவர்களுக்கும் இருந்திருக்க வேண்டும். உற்சவ நாட்களில் சங்கடமான இடம் ஒவ்வொன்றிலும் பழக்கப்பட்ட வழிகாட்டிகளே நின்று வண்டிகளை ஏற்றி அனுப்புகிறார்கள்.

அபாயமே கிடையாதா என்றால், உண்டு. வண்டி சாயும்போது கையை வெளியே நீட்டித் தாங்கப் பார்ப்பது மனித சுபாவம். அந்தக் கைதான் நசுங்குகிறது. பெல்ட்டை இறுக்கி, கை கால்களை உள்ளே வைத்துக் கொண்டால் வண்டி சாய்ந்தாலும் பெரும்பாலும் ஆள் பிழைத்துக் கொள்வார். கம்பி வடம் கட்டி வண்டியை இழுக்கும்போது பக்கத்தில் நிற்கவே கூடாது; வடம் அறுந்தால் சாட்டை மாதிரி வீசும். வடத்தின் மேல் கனமான துணி ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் இழுக்கிறார்கள். இந்த இரண்டையும் பிள்ளைக்கு எழுதச் சொன்னேன். தனியே ஒரு வண்டியில் போகக் கூடாது என்பதையும்.

இனி, மாமியின் கடைசிக் கேள்வி.

ஐம்பது வருஷமாக வருகிறவர்கள் வந்து கொண்டே இருந்தார்கள். பாறையில் ஏறினார்கள், ஏரிக் கரையில் கூடாரம் அடித்தார்கள். அது கருங்கல் பூமி. தோண்டிப் புதைக்க மண் ஏது? ஒவ்வொருவரும், 'நான் ஒருத்தன்தானே' என்று பாறைக்குப் பின்னால் போய் வந்தார்கள். 2004-ல் ஸ்பைடர் ஏரிப் பக்கம் அசுத்தம் தாங்காமல், அங்கே தங்கக் கூடாது என்று ஜில்லா நிர்வாகம் தடை போட்டது. 2009-ல் நீர்வளங்களைக் காக்கும் வாரியம், ஜில்லா நிர்வாகத்துக்கும் வன இலாகாவுக்கும் சேர்த்து உத்தரவு போட்டது. ஓடைகளில் கரைந்து போகும் மண், வண்டிகளிலிருந்து ஒழுகும் எண்ணெய், மனித அசுத்தம், இந்த மூன்றையும் சரி செய்தாக வேண்டும் என்று. செய்யாமல் விட்டிருந்தால் 1887-ல் எல்லோருக்கும் என்று திறந்த சாலை எல்லோருக்கும் மூடியிருக்கும். பாறையாலோ பனியாலோ ஆகாத காரியத்தைக் கக்கூஸ் செய்திருக்கும்!

ஜீப்காரர்களே கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கினார்கள். 2004-ல் அவர்கள் ஆரம்பித்த சங்கமும் சேர்ந்து கொண்டது. பாதையைச் செப்பனிட்டார்கள், மண் கரையாமல் தடுத்தார்கள். எண்ணெய் சிந்தினால் உறிஞ்சி எடுக்கும் துணி வண்டியில் இருக்க வேண்டும் என்றும், மற்றதைப் பையில் கட்டிக் கையோடு திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்றும் ஒருவருக்கொருவர் சொல்லி வழக்கமாக்கினார்கள். இடுப்பில் கத்தியும் தாடியுமாகப் பாறை ஏறுகிற வீரர்கள் அந்தப் பையோடு ஊர் திரும்புகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். எனக்கென்னவோ அவர்கள் செய்த சாகசங்களில் அதுவே பெரிதாகப் படுகிறது. நம் மலைக் கோயில் படிகளின் ஓரமாக நடந்து பார்த்தவர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

இவ்வளவையும் மாமியிடம் ஒப்பித்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு உடனே பிள்ளையைக் கூப்பிட்டார். பெல்ட்டு, கம்பி வடம், பை எல்லாவற்றையும் வரிசையாக விசாரித்தார். ஒவ்வொன்றுக்கும் "ஆமாம் அம்மா" என்று பதில் வந்தது.

"அது சரி, படத்திலே அவள் ஓட்டுகிறாள், நீ கீழே நிற்கிறாயே, ஏன்?"

"எனக்குப் பொறுமை போதாது அம்மா. அவசரப்பட்டு மிதித்துவிடுவேன் என்று வழிகாட்டிதான் அவளிடம் கொடுக்கச் சொன்னார்."

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "போனை அவளிடம் கொடு" என்றார்.