ஓரெழுத்து மாற்றமும் ஒரு கத்தரியும்

‘பால்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘பாழ்’ என்று எழுதினால் பொருள் என்னவாகும் என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். அரிவாள் செல் சோகை என்னும் பரம்பரை நோயின் மூலமும் இத்தகைய ஓரெழுத்து மாற்றமே. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்குரிய மரபணுவில், ‘ஏ’ நிற்க வேண்டிய ஓரிடத்தில் ‘டி’ நிற்கிறது. அதன் பயனாகச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைக்கின்றன; கடும் வலியும் சோகையும் தோன்றுகின்றன. இந்தியாவில் இக்கூறு 1952-ல் நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மத்திய இந்தியாவிலும் இது மிகுதி.

கண்ணுக்குப் புலனாகாத அவ்வோரெழுத்தைக் காண்பது எங்ஙனம்? பாக்டீரியாக்களிடமிருந்து பெறும் சில நொதிகள், குறித்த எழுத்து வரிசையைக் கண்டால் மட்டுமே டி.என்.ஏ. இழையை வெட்டும் கத்தரிகளாகும். எம்.எஸ்.டி. 2 என்னும் நொதி ஏழெழுத்து வரிசை ஒன்றைத் தேடுகிறது. இயல்பான மரபணுவில் அவ்வரிசை உண்டு, நொதி வெட்டுகிறது. எழுத்து மாறியதில் வரிசை குலைந்தமையால் வெட்டாது விடுகிறது. ஆகவே முன்னதில் சுமார் 1,150 எழுத்து நீளமும், பின்னதில் சுமார் 1,350 எழுத்து நீளமும் உள்ள துண்டுகள் கிடைக்கின்றன. கடற்பாசியிலிருந்து எடுத்த அகரோஸ் கூழில் இவற்றை இட்டு மின்சாரம் பாய்ச்சினால், குறுந்துண்டு முந்திச் செல்லும், நெடுந்துண்டு பின்தங்கும். அவை நின்ற இடத்தை, அவற்றோடு இணையும் அடையாள இழை காட்டிக்கொடுக்கும். இரு துண்டுகளும் தோன்றின், அவர் மாற்றத்தைச் சுமப்பவர் மட்டுமே. பெரும்பாலும் நலமாகவே வாழ்வார்.

1982-ல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட இம்முறையால், கருவின் ரத்தத்தை எடுக்காமலே, பனிக்குட நீரிலுள்ள அணுக்களைக் கொண்டு நோயை முன்னறிய வழி பிறந்தது. பின்னர் வந்த பி.சி.ஆர். முறை, வேண்டிய பகுதியை மட்டும் பன்மடங்கு படியெடுத்துத் தருவதால், சோதனை மேலும் எளிதாயிற்று.

நாம் மனங்கொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. பெற்றோர் இருவருமே மாற்றத்தைச் சுமந்தால், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒருவர் மட்டும் சுமந்தால் இந்நோய் வாராது. நோயுற்ற குழந்தையைப் பெற்ற தாயைப் பழிக்கும் வழக்கம் நம்மிடை இன்னும் மறையவில்லை. கூழில் தோன்றும் கோடுகளோ, ஒரு பிரதி தாய்வழி, மற்றொன்று தந்தைவழி என உரைக்கின்றன. மணத்திற்கு முன்பே இருவரும் சோதித்தறிவது நன்று. அறிந்தபின் எவரையும் தாழ்வாக எண்ணாதிருப்பது அதனினும் நன்று.