ரப்பர் கொட்டைக்கும் ஓர் அலமாரி

கீழடி அருங்காட்சியகத்தில் சுடுமண் வட்டுச் சில்லுகளையும் பகடைக்காயையும் பார்த்துவிட்டு, மலேசியாவில் உள்ள எங்கள் கம்போங் குவாந்தானுக்குத் திரும்பியதிலிருந்து எனக்கு ஓர் ஆதங்கம். 2023 மார்ச்சில் திறந்த அந்த இடத்தில், 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான விளையாட்டுக்குக் கண்ணாடிப் பேழை. எங்கள் ரப்பர் தோட்டத்து விளையாட்டுக்கு?

லயத்து வாசலில் மண்ணில் குழி பறித்து, ரப்பர் கொட்டை போட்டுப் பல்லாங்குழி ஆடினோம். பக்கத்து மலாய்க் கம்பத்துப் பிள்ளைகள் ஏறக்குறைய அதையே மரப்பலகையில் சொங்காக் என்று ஆடினார்கள். சொங்காக்குக்கு மலேசியாவின் 1989 வரிசை 10 காசு நாணயத்திலேயே இடம் கிடைத்தது. பொறாமை இல்லை, சரி, கொஞ்சம் உண்டு.

ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. எங்கள் ஆட்டமும் மறந்துபோகுமுன், புக்கிட் மெலாவத்திக் குன்றின் மேலிருக்கும் எங்கள் மாவட்ட அருங்காட்சியகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கட்டும். ஆட்டவிதிகளைப் பாட்டிமாரிடம் இப்போதே கேட்டு எழுதி, பிள்ளைகள் தொட்டு ஆட ஒரு பலகையும் போடட்டும்.