பீடித் தொழிலாளர் பெயரில் பேசுவோர் யார் என்பதை வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் செயலாளர்,
பீடி சுற்றும் பெண்களின் வட்டாரச் சங்கம்,
ஆலங்குளம் வட்டாரம், தென்காசி மாவட்டம்.

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
மத்திய சுகாதாரம் மற்றும் குடும்ப நல அமைச்சகம்,
புது தில்லி.

வழி: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், தென்காசி.

பொருள்: புகையிலைப் பொட்டலங்களின் எச்சரிக்கைப் படம் மற்றும் உறை விதிகள் குறித்த கருத்துக்கேட்புகளில் ஒருதலைப்பட்சம் நிகழ்வதாக எழும் ஐயங்களைக் களையவும், பீடித் தொழிலாளர் பெயரில் வரும் மனுக்களைச் சரிபார்க்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

சொளகை மடியில் வைத்து, இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, சாயங்காலம் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும் பெண்கள் நாங்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே எங்கள் கூலி. கட்டின் மேல் சுற்றும் லேபிள் எங்கள் கைக்கு வருவதே இல்லை. அதில் என்ன அச்சிடலாம், எவ்வளவு பெரிதாக அச்சிடலாம் என்று எங்களை யாரும் கேட்டதும் இல்லை. ஆனால் எச்சரிக்கைப் படத்தின் அளவு பற்றித் தில்லியில் பேச்சு எழும்போதெல்லாம் எங்கள் பெயர்தான் முன்னால் நிறுத்தப்படுகிறது. படம் பெரிதானால் லட்சக்கணக்கான ஏழைப் பெண்களின் வீட்டில் அடுப்பு எரியாது என்று எங்கள் சார்பில் மனுக்கள் போகின்றன. அந்த மனுக்களில் எங்கள் பங்கு என்ன என்பதை நாங்களே தங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கையெழுத்து எப்படி வாங்கப்படுகிறது என்று முதலில் சொல்கிறோம். பீடியை எண்ணிக் கொடுத்துவிட்டு, பாஸ்புக்கில் வரவு வைத்து வாங்க வரிசையில் நிற்கும் நேரம் அது. கணக்குப் பார்ப்பவர் ஒரு தாளை நீட்டுவார். தாள் முழுக்க ஆங்கிலம். கீழே பெயர், ஊர், கையெழுத்துக்குக் கட்டம் போட்டிருக்கும். “வேலை நிக்காம இருக்கத்தாம்மா, போடுங்க” என்பார். மறுநாளைக்கு எவ்வளவு இலை நிறுத்துக் கொடுப்பது, கொண்டுவந்த பீடியில் எத்தனையைக் கழிவென்று தள்ளுவது, இரண்டும் அவர் கையில் இருக்கின்றன. அந்த இடத்தில் நின்றுகொண்டு ‘இதில் என்ன எழுதியிருக்கிறது’ என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்டவர்களுக்கும் முழுப் பதில் கிடைக்கவில்லை. எழுதத் தெரியாதவர்களிடம் கைரேகை வாங்கினார்கள். யாருக்கும் நகல் தரவில்லை. எந்தக் கடை, எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதவில்லை. எங்கள் உறுப்பினர்கள் இன்றும் அங்கேதான் பீடி கொடுக்கிறார்கள். அவர்கள் பிழைப்பைக் கெடுப்பது எங்கள் நோக்கம் அல்ல. இப்படிப் பெற்ற கையெழுத்துகளைத் ‘தொழிலாளர் கருத்து’ என்று எண்ணும் நடைமுறை மாற வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

கருத்துக்கேட்பு நேர்மையாக நடக்கிறதா என்ற ஐயம் எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. பொட்டலத்தின் இரு பக்கமும் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கை இடம்பெற வேண்டும் என்று தங்கள் அமைச்சகம் 2014 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. அதற்கு முன்பு முன்பக்கத்தில் மட்டும் 40 சதவீதம் இருந்தது. புதிய விதி 1.4.2015 அன்று நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். மக்களவையின் துணைச் சட்டங்களுக்கான குழு அதைத் தள்ளிவைக்கச் சொன்னது, அமைச்சகமும் தள்ளிவைத்தது. புகையிலையால் புற்றுநோய் வருவதாக இந்தியாவில் நடத்திய ஆய்வு எதுவும் இல்லை என்று அந்தக் குழுவின் தலைவர் திலீப் காந்தி பேசியதை நாடு கேட்டது. குழுவில் இடம்பெற்றிருந்த அலகாபாத் தொகுதி உறுப்பினர் சியாமா சரண் குப்தா பீடி நிறுவனம் நடத்தியவர். பீடிப் பொட்டலத்தின் எச்சரிக்கையைக் குறைப்பதா கூட்டுவதா என்று முடிவு சொல்லும் மேசையில் பீடி முதலாளிக்கு நாற்காலி இருந்தது. பீடி சுற்றுபவளுக்கு இல்லை.

2016 மார்ச்சில் வந்த அந்தக் குழுவின் அறிக்கை, சிகரெட்டுக்கு இரு பக்கமும் 50 சதவீதம் போதும் என்றது. பீடிக்கு ஒரே பக்கத்தில் இருந்தால் போதும் என்றது. இதை எங்களால் மறக்க முடியவில்லை. 2016–17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 7.7 சதவீதம் பேர் பீடி குடித்தார்கள்; சிகரெட் குடித்தவர்கள் 4 சதவீதம். பீடி குடிப்பவர் யார்? எங்கள் வீட்டுக்காரர், எங்கள் அண்ணன், பக்கத்து வீட்டுக் கொத்தனார். காசுள்ளவன் வாங்கும் பெட்டியில் இரண்டு பக்கமும் எச்சரிக்கை, கூலிக்காரன் வாங்கும் கட்டில் ஒரு பக்கம் மட்டும் என்று பரிந்துரைத்ததற்கும் எங்கள் வாழ்வாதாரமே காரணமாகக் காட்டப்பட்டது. எங்கள் வீட்டு ஆண்களின் நுரையீரலைப் பணயம் வைத்து எங்கள் வேலையைக் காப்பாற்றுங்கள் என்று எங்கள் சங்கம் யாரிடமும் கேட்கவில்லை. 1.4.2016 முதல் 85 சதவீத விதியைத் தங்கள் அமைச்சகம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் அதை ரத்து செய்தபோது, உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியில் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. இந்த உறுதியை நாங்கள் மனமார வரவேற்கிறோம்.

ஆனாலும் அமைச்சகத்தின் சொந்தக் கருத்துக்கேட்பு முறையிலும் குறை இருக்கிறது. 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கான திருத்த வரைவை வெளியிட்டு, 2021 ஜனவரி இறுதி வரை கருத்துச் சொல்லலாம் என்றார்கள். உதிரியாக விற்கக் கூடாது, முத்திரையிட்ட பொட்டலமாகவே விற்க வேண்டும், வாங்கும் வயது 18இலிருந்து 21ஆக உயர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொன்றும் எங்கள் வேலையைத் தொடும் விஷயம். அந்த வரைவு தமிழில் எங்கள் ஊருக்கு வரவில்லை. கம்பெனிக்காரர் சொன்னது ஒரு பக்கம், தொலைக்காட்சியில் வந்தது ஒரு பக்கம், இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. நாடு முழுவதும் 50 லட்சத்தை ஒட்டிய பீடித் தொழிலாளர்கள் இருப்பதாகத் தொழிலாளர் அமைச்சகமே கணக்குச் சொல்கிறது. இத்தனை பேரின் பிழைப்பைத் தொடும் வரைவு அவர்கள் படிக்கும் மொழியில் போகவில்லை என்றால், பதில் எழுதுவது யார் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

2014ஆம் ஆண்டின் சட்டமுன் கலந்தாய்வுக் கொள்கை இதற்கெல்லாம் வழி சொல்லியிருக்கிறது. வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும். எளிய நடையில் விளக்கக் குறிப்பு தர வேண்டும். பாதிக்கப்படுவோரைச் சென்றடையும்படி விளம்பரம் செய்ய வேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தையும் வெளியிட வேண்டும். இந்தக் கொள்கையை வரி பிசகாமல் கடைப்பிடித்தாலே எங்கள் மனுவில் பாதி தேவைப்படாது.

ஒன்றை இங்கே நேராகச் சொல்ல வேண்டும். எங்கள் பெயரைப் பயன்படுத்துவது கம்பெனிகள் மட்டும் அல்ல. புகையிலை எதிர்ப்பு அமைப்புகள் சிலவும், பீடித் தொழிலாளர் அனைவரும் நாளைக்கே இந்த வேலையை விட்டுவிட ஆயத்தமாக இருக்கிறார்கள் என்று எங்கள் சார்பில் எழுதுகின்றன. மாற்று வேலை என்ன, அதில் கூலி என்ன, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே செய்ய முடியுமா என்று அவர்களும் எங்கள் திண்ணைக்கு வந்து கேட்கவில்லை. அவர்கள் நோக்கம் நல்லது என்று நம்புகிறோம். அதற்காக எங்கள் வாயில் வார்த்தையை வைக்கும் உரிமை அவர்களுக்கு வந்துவிடாது. வெளிப்படைத்தன்மை கேட்டால் இரு தரப்புக்கும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இங்கிலாந்தில் இதே சிக்கல் வந்தது. வண்ணமும் சின்னமும் இல்லாத சாதாரண உறை பற்றி அங்கே 2012இல் கருத்துக் கேட்டபோது ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் குவிந்தன. மிகப் பெரும்பாலானவை பிரசார இயக்கங்கள் திரட்டிய கையெழுத்துகள். அவற்றில் எதிர்ப்பே அதிகம். தனித்தனியே காரணம் சொல்லி எழுதிய விரிவான பதில்கள் சுமார் 2,400 மட்டுமே. அவற்றில் ஆதரவு சற்றுக் கூடுதல். எதிர்ப்புப் பிரசாரத்துக்குப் புகையிலை நிறுவனங்களின் பணம் என்றும், ஆதரவுப் பிரசாரத்துக்கு அரசின் சுகாதாரப் பணம் என்றும் இரு தரப்பும் மாறி மாறிக் குற்றம் சாட்டின. அங்கே அரசு செய்த இரண்டு காரியங்கள் நமக்குப் பாடம். புகையிலைத் தொழிலோடு தொடர்பு உண்டா என்று பதில் எழுதியவர்களிடமே படிவத்தில் கேட்டது. திரட்டிய கையெழுத்துகளையும் விரிவான பதில்களையும் தனித்தனியே எண்ணி வெளியிட்டது. எது யார் குரல் என்று மக்கள் பார்க்க முடிந்தது. பிறகு சான்றுகளைத் தனியாக ஆராயச் செய்து, 2015இல் சட்டவிதி கொண்டுவந்தார்கள்.

இந்தியா 2004இல் ஏற்றுக்கொண்ட உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, பிரிவு 5.3இல் புகையிலைத் தொழிலின் வணிக நலன்கள் கொள்கை வகுப்பில் தலையிடாமல் காக்கச் சொல்கிறது. இதற்காகத் தங்கள் அமைச்சகம் 2020இல் அதிகாரிகளுக்கு நடத்தை விதிகளும் வகுத்தது. மிகவும் நல்லது. ஆனால் அதைச் சாக்காக வைத்து எங்களையும் ‘தொழில் தரப்பு’ என்று வாசலிலேயே நிறுத்திவிடக் கூடாது என்று அஞ்சுகிறோம். கூலிக்குப் பீடி சுற்றுபவள் புகையிலைத் தொழிலின் வணிக நலன் ஆகமாட்டாள். அதே உடன்படிக்கையின் பிரிவு 17, புகையிலைத் தொழிலாளர்களுக்குப் பொருளாதார ரீதியாகக் கட்டுப்படியாகும் மாற்று வழிகளை ஊக்குவிக்கச் சொல்கிறது. 5.3ஐக் காட்டி எங்கள் குரலை மறுப்பதும், 17ஐப் பற்றிப் பேசாமல் விடுவதும் சேர்ந்து நடந்தால், கம்பெனியின் தாளில் கையெழுத்துப் போடுவதைத் தவிர எங்களுக்கு வேறு வாசல் இருக்காது. கம்பெனிகளுக்கு அதுதான் வசதி.

ஆகவே தாங்கள் ஆவன செய்ய வேண்டுகிறோம். பொட்டல உறை, எச்சரிக்கை அளவு, சில்லறை விற்பனை பற்றி இனி வரும் எந்த வரைவும் தமிழ் உட்பட பீடித் தொழில் நடக்கும் மாநிலங்களின் மொழிகளில், எளிய விளக்கத்தோடு வர வேண்டும். பஞ்சாயத்து அலுவலகம், ரேஷன் கடை, முக்கூடல் பீடித் தொழிலாளர் மருத்துவமனை போன்ற நாங்கள் போய்வரும் இடங்களில் ஒட்ட வேண்டும். இணையத்தில் மட்டும் போட்டால் எங்களுக்குப் போட்டதாகாது.

கருத்துச் சொல்பவர் எவராயினும், தனிநபரோ சங்கமோ தொண்டு நிறுவனமோ நாடாளுமன்ற உறுப்பினரோ, புகையிலைத் தொழிலிடமிருந்தோ அரசிடமிருந்தோ அயல்நாட்டு நிதியிலிருந்தோ பணம் பெறுகிறாரா, அந்தத் தொழிலில் பங்கு உண்டா என்பதை எழுதித் தரக் கட்டாயப்படுத்த வேண்டும். எங்கள் சங்கம் உறுப்பினர் சந்தாவில் மட்டுமே நடக்கிறது. கணக்கைக் காட்ட ஆயத்தமாக இருக்கிறோம்.

ஒரே வாசகத்தில் மொத்தமாக வரும் மனுக்களைத் தனியாக எண்ணி, யார் திரட்டினார்கள் என்பதோடு வெளியிட வேண்டும். தொழிலாளர் பெயரில் வருபவற்றில் சிலவற்றையாவது எடுத்து, கையெழுத்திட்டவரை மாவட்டத் தொழிலாளர் அலுவலர் மூலம் நேரில் விசாரிக்க வேண்டும். அந்த விசாரணை கடையில் நடக்கக் கூடாது. கடைக்காரர் அருகில் இருக்கக் கூடாது. இது எங்கள் கோரிக்கைகளில் முதன்மையானது. வேறு எதையும் செய்ய முடியாது என்றாலும் இதைச் செய்யுங்கள். பாஸ்புக் வரவு வைக்கும் இடத்தில் கருத்து மனுவுக்குக் கையெழுத்து வாங்குவதைத் தொழிலாளர் துறை மூலம் தடை செய்யவும் கேட்டுக்கொள்கிறோம்.

விதிகளைப் பற்றி அதிகாரிகளும் குழு உறுப்பினர்களும் நிறுவனங்களோடு நடத்தும் சந்திப்புகளின் நாள், பங்கேற்றோர், பேசிய பொருள் வெளியிடப்பட வேண்டும். தொழிலில் சொந்த நலன் உள்ளவர் அந்தப் பொருளை ஆராயும் குழுவில் அமரக் கூடாது என்று தங்கள் அமைச்சகம் நாடாளுமன்றச் செயலகத்துக்கு எழுத வேண்டும்.

திருநெல்வேலி அல்லது தென்காசியில், தமிழில், பீடி சுற்றும் பெண்களுக்கு மட்டும் ஒரு நேரடிக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். தூளை மூச்சில் இழுத்து இருமலோடும் இடுப்பு வலியோடும் வருபவர்களைப் பார்க்கும் முக்கூடல் மருத்துவமனை மருத்துவர்களையும் அழைக்க வேண்டும். எச்சரிக்கைப் படத்தோடு மாற்று வேலையும் அதே கூட்டத்தில் பேசப்பட வேண்டும். பீடிக்கான நலவரி 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது ரத்தானது. மருத்துவ உதவியும் பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகையும் அதற்குப் பிறகு எந்த அளவில் தொடர்கின்றன என்ற கணக்கையும் அங்கே வைக்கக் கோருகிறோம்.

எச்சரிக்கைப் படத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. அதன் அளவைக் குறைக்கவும் கேட்கவில்லை. எங்கள் பெயரில் இதற்கு மாறாக எழுதப்பட்ட மனு தங்கள் கோப்பில் இருந்தால், அதன் நகலை எங்களுக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறோம். அதில் கையெழுத்திட்டிருப்பவர்கள் எங்கள் உறுப்பினர்கள் என்றால், அவர்களை அழைத்துக் கேட்டு, அவர்கள் சொல்வதை எழுத்தில் தங்களுக்குத் தருவோம். இம்மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை 30 நாட்களுக்குள் தமிழில் எங்களுக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர்
செயலாளர்

இணைப்பு: உறுப்பினர்களுக்குத் தமிழில் படித்துக் காட்டிய பின் பெற்ற கையெழுத்துப் படிவங்கள்.

நகல்: செயலாளர், மத்திய தொழிலாளர் மற்றும் வேலைவாய்ப்பு அமைச்சகம், புது தில்லி; செயலாளர், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை, தமிழ்நாடு அரசு, சென்னை.