மாத்திரையின் சக்தி குறைந்துவிடுமா?

மணமேல்குடி சிறிய ஊர். கடலோர ஊர். கடைத்தெருவில் ஒருவர் என்ன வாங்கினார் என்பது, அவர் வீடு போய்ச் சேருவதற்குள் பக்கத்துத் தெருவுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில், ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை வேண்டும் என்று ஒருவர் வாய் திறந்து கேட்பாரா? கேட்க மாட்டார். பஸ் ஏறி அறந்தாங்கிக்குப் போவார். தம்மைத் தெரியாத கடையாகப் பார்த்து வாங்கி வருவார். டாக்டரிடம் போவதில்லை. மனைவியிடம் சொல்வதும் இல்லை.

முதலில் மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. மனிதருக்கு மகிழ்ச்சி. இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு கழிகிறது. "முன்போல் இல்லையே!" என்று கவலை பிறக்கிறது. உடம்புக்கு மாத்திரை பழகிவிட்டது என்று அவர் நினைக்கிறார். ஒன்று விழுங்கியவர் இரண்டு விழுங்குகிறார். அதுவும் போதவில்லை என்றால், சுவர் விளம்பரத்தைப் பார்த்து லேகியம் தேடிப் போகிறார்.

இங்கேதான் தவறு நடக்கிறது. இந்தத் தவறு சிலருடைய உயிருக்கே ஆபத்தாக முடியும்.

மாத்திரை வந்த கதை

இந்த மாத்திரையின் பெயர் சில்டெனாஃபில். வயாக்ரா என்ற பெயரில் அது உலகம் முழுவதும் தெரிந்தது. முதலில் இது நெஞ்சுவலிக்காகத்தான் ஆராயப்பட்டது. இங்கிலாந்தில் சாண்ட்விச் என்ற ஊரில் ஃபைசர் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அங்கேதான் அந்த வேலை நடந்தது. நெஞ்சுவலிக்குப் பெரிய பலன் இல்லை. ஆனால் மருந்தைச் சாப்பிட்ட ஆண்கள் வேறொரு பலனைச் சொன்னார்கள்! 1998 மார்ச் 27-ம் தேதி அமெரிக்க அரசு இதற்கு அனுமதி கொடுத்தது. சில ஆண்டுகளில் இந்தியக் கம்பெனிகளும் இதைத் தயாரிக்கத் தொடங்கின. விலை வெகுவாகக் குறைந்தது.

மாத்திரை உடம்பில் என்ன செய்கிறது? ஆணின் உறுப்புக்கு இரத்தம் பாய வேண்டும் என்றால், அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரிய வேண்டும். விரிவதற்கு உடம்பிலேயே ஒரு பொருள் ஊறுகிறது. அதை அழிக்க இன்னொரு பொருளும் இருக்கிறது. அழிக்கும் பொருளை மாத்திரை சில மணி நேரம் கட்டிப் போடுகிறது. அவ்வளவுதான். சில்டெனாஃபிலின் வேகம் சுமார் 4 மணி நேரம் நிற்கும். பின்னால் வந்த டடாலஃபில் என்ற மாத்திரை 36 மணி நேரம் வரை வேலை செய்யும். மனத்தில் ஆசை எழாவிட்டால் இரண்டும் பயன்படா.

ஆகவே இது நோயைத் தீர்க்கும் மருந்து அல்ல. தலைவலி மாத்திரை போல, அந்த நேரத்துக்கு உதவுகிற மருந்து.

ஆண்டுகள் போனால்?

2007-ம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியாயிற்று. 979 ஆண்களுக்குச் சில்டெனாஃபில் கொடுத்து, நான்கு ஆண்டுகள் வரை கவனித்தார்கள். தொடர்ந்து சாப்பிட்டு வந்தவர்களில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் திருப்தி என்றே சொன்னார்கள். நடுவில் விட்டுவிட்டவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அதையும் நினைவில் வைக்க வேண்டும். பலன் இல்லை என்று விட்டவர் உண்டு. செலவு தாங்காமல் விட்டவர் உண்டு. வெட்கப்பட்டு விட்டவரும் உண்டு.

என்றாலும் ஒன்று தெரிகிறது. தூக்க மாத்திரை பழகிப் போவது போல இந்த மாத்திரை பழகிப் போவதாகத் தெரியவில்லை. அப்படியானால் பலன் ஏன் குறைகிறது?

கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மடையைத் திறக்கும் ஆள் தன் வேலையைச் சரியாகச் செய்கிறான். வாய்க்கால் ஆண்டுக்கு ஆண்டு தூர்ந்து வருகிறது. கடைசி வயலுக்குத் தண்ணீர் போகவில்லை. மடைக்காரனைத் திட்டி என்ன பயன்?

வாய்க்காலைத் தூர்ப்பவை எவை? சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, கொழுப்பு, பீடி, சிகரெட், சாராயம். இவற்றில் சர்க்கரை வியாதி மிகவும் பொல்லாதது. அது இரத்தக் குழாயையும் கெடுக்கிறது, நரம்பையும் கெடுக்கிறது. 1999-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சர்க்கரை வியாதி உள்ள 268 ஆண்களிடம் இந்த மாத்திரையைச் சோதித்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 56 பேருக்கே பலன் தெரிந்தது. சர்க்கரை இல்லாதவர்களுக்குக் கிடைக்கும் பலனைவிட இது குறைவு. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி இருப்பதாக 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குச் சொல்கிறது. அந்த 10 கோடியில் எத்தனை ஆண்கள், எத்தனை மனைவியர்!

நெஞ்சுக்கு முன்னால் அடிக்கும் மணி

இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. ஆணின் உறுப்புக்குப் போகும் இரத்தக் குழாய் 1 அல்லது 2 மில்லிமீட்டர் அகலம்தான். இருதயத்துக்குப் போகும் குழாய் 3 அல்லது 4 மில்லிமீட்டர். அடைப்பு உடம்பு முழுவதும் சேர்ந்தே வளர்கிறது. சின்னக் குழாய் முதலில் காட்டிக் கொடுக்கிறது. பெரிய குழாய் பின்னால் காட்டுகிறது. அதனால்தான் பலருக்கு ஆண்மைக் குறைவு வந்து, சில ஆண்டுகள் கழித்து மாரடைப்பு வருகிறது.

மாத்திரையின் பலன் குறைந்து வருகிறது என்றால், குழாய்களில் அடைப்பு வளர்கிறதோ என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் அளவைக் கூட்டி விழுங்குகிறவர், அடிக்கும் மணியைத் துணியால் சுற்றி வைக்கிறார்.

நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரென்று விழுந்து, உயிர் போகலாம். டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது என்று சட்டம் இருப்பது இதனால்தான்.

லேகியத்தின் கதை வேறு. "மூலிகை, பக்க விளைவு இல்லை" என்று விற்கும் பொட்டலங்களில் இதே சில்டெனாஃபிலை இரகசியமாகக் கலந்திருப்பதைப் பல நாட்டு அரசாங்கங்கள் சோதித்துக் கண்டுபிடித்திருக்கின்றன. மாத்திரைக்குப் பயந்து லேகியத்துக்குப் போனவர், அளவு தெரியாமல் அதே மாத்திரையைச் சாப்பிடுகிறார்! ஆண்மைக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. சட்டம் போட்டு எழுபது ஆண்டு கடந்துவிட்டது. சுவர்களுக்கு மட்டும் இன்னும் அந்தச் செய்தி எட்டவில்லை போலிருக்கிறது.

தூர்ந்த வாய்க்காலைக் கொஞ்சமாவது வெட்டிச் சரி செய்ய முடியுமா? முடியும். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரில், பருமனான 110 ஆண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். எல்லோருக்கும் ஆண்மைக் குறைவு இருந்தது. ஒரு பிரிவில் 55 பேர். அவர்களுக்கு உணவைக் குறைத்து, நடைப்பயிற்சி கொடுத்து, இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். அவர்களில் 17 பேர் நல்ல நிலைக்குத் திரும்பினார்கள். மற்றப் பிரிவில் திரும்பியவர் 3 பேர்தான். 2004-ல் இது வெளியாயிற்று. எல்லோருக்கும் குணமாகவில்லை என்பது உண்மையே. ஆனால் அந்த 17 பேருக்கும் கிடைத்தது நான்கு மணி நேரச் சுகம் அல்லவே!

சில சமயம் குறை மிகவும் சின்னதாக இருக்கும். வயிறு புடைக்கக் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு உடனே சில்டெனாஃபிலைப் போட்டால், அது மெதுவாகத்தான் ஏறும். ஒரு மணி நேரம் முன்பாகப் போட வேண்டும். இதை யாரும் சொல்லித் தராததால், "பலன் இல்லை" என்று கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். இரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் ஆண்மையைக் குறைப்பது உண்டு. அதற்காக அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் வேறு மாற்றித் தருவார்.

வீட்டில் இருப்பவள்

கணவன் ஒதுங்கிப் போகிறான். காரணம் சொல்வதில்லை. மனைவி என்ன நினைப்பாள்? தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைப்பாள். வேறு தொடர்பு இருக்குமோ என்று சந்தேகப்படுவாள். கடலுக்குப் போய் வருகிறவன், வெளிநாட்டில் இருந்து இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வருகிறவன் என்றால் சந்தேகம் இன்னும் வளரும். "எனக்கு உடம்பு இப்படி இருக்கிறது" என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால், சமையலில் எண்ணெயைக் குறைப்பது முதல் மருந்து வேளையை நினைவூட்டுவது வரை அவளே பார்த்துக் கொள்வாள்.

டாக்டர்கள் பக்கமும் ஒரு குறை உண்டு. சர்க்கரை வியாதிக்காரரின் கண்ணைப் பார்க்கிறார்கள், காலைப் பார்க்கிறார்கள். இந்த விஷயத்தைப் பெரும்பாலும் கேட்பதில்லை. நோயாளி தாமாகச் சொல்லட்டும் என்று இருந்துவிடுகிறார்கள். அவர் சொல்ல மாட்டார். 2021 ஆகஸ்டு 5-ம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் தொடங்கியபோது, சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. மாத்திரை கொடுக்கும்போதே இந்தக் கேள்வியையும் கேட்க ஓர் ஏற்பாடு வேண்டும். ஆண்களிடம் தனியாக, ஓர் ஆண் ஊழியர் கேட்கலாம். "இல்லற வாழ்க்கையில் ஏதாவது சிரமம் உண்டா?" என்று கேட்டால் போதும். உண்டு என்று அவர் தலையசைத்தால், அன்றைக்கே சர்க்கரையும் கொதிப்பும் பார்த்து, இருதயத்தைச் சோதிக்கச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடலாம்.